ஊரிலிருந்து வந்த பையன், இங்கே பிறந்த பையன், ஊரிலேயே இருக்கும் பையன்

கோலாலம்பூரில் தமிழர்கள் கூடும் எந்தக் கல்யாண மண்டபத்திலும், பேச்சு இளைஞர்கள் பக்கம் திரும்பினால் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். "ஊரிலிருந்து வந்த பையன்களைப் பாருங்கள், தானுண்டு வேலையுண்டு என்று இருக்கிறார்கள். நம் பையன்கள்தான் வேப் எனும் மின்சிகரெட்டும் மோட்டார் சைக்கிளுமாகத் திரிகிறார்கள்." கடல் கடந்து இராமநாதபுரத்திலோ பட்டுக்கோட்டையிலோ சம்பந்தம் பேசும் வீட்டில் அதே தீர்ப்பு வேறு சொற்களில் வரும்: "மலேசியாவில் வளர்ந்த பிள்ளையாம், எப்படி இருக்குமோ." சொந்த மண் பிள்ளையைக் காக்கும், அந்நிய மண் கெடுக்கும் என்பதுதான் இரண்டு பேச்சுக்கும் அடியில் கிடக்கும் நம்பிக்கை.

இதில் பாதி உண்மை இருக்கிறது. உலகின் பல நாடுகளில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றி நடந்த ஆய்வுகள் அந்தப் பாதியை உறுதி செய்திருக்கின்றன. ஆனால் அதற்கு மண்ணைக் காரணம் சொல்வதுதான் தவறு. அந்தத் தவறு சிறியதும் அல்ல. ஒரு கூட்டத்துப் பிள்ளைகளைப் பெருமையாகக் காட்டி இன்னொரு கூட்டத்துப் பிள்ளைகளை அடிக்கும் கோலாக அது நெடுநாளாகப் பயன்பட்டு வருகிறது.

முதலில் ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். ஆபத்தான நடத்தை என்று ஆய்வாளர்கள் சொல்வது ஒழுக்கம் பற்றிய தீர்ப்பு அல்ல. புகை, மது, போதைப்பொருள், அடிதடி, பள்ளிக்கு மட்டம் போடுவது, உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டுவது, பாதுகாப்பற்ற உடலுறவு என எண்ணிப் பார்க்கக்கூடிய செயல்களின் பட்டியல் அது. அமெரிக்காவில் 1994–95இல் 7 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் தொடங்கிய மிகப் பெரிய தேசிய ஆய்வு ஒன்று இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தது: வெளிநாட்டில் பிறந்து வந்தவர்கள், குடியேறியவர்களுக்கு அமெரிக்காவில் பிறந்தவர்கள், பெற்றோரும் அங்கேயே பிறந்தவர்கள். அந்தத் தரவுகளை ஆராய்ந்த சமூகவியலாளர் கேத்லீன் மல்லன் ஹாரிஸ் 1999இல் எழுதிய முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. வெளிநாட்டில் பிறந்து வந்த பிள்ளைகளிடம் ஆபத்தான நடத்தை குறைவு. அமெரிக்காவில் பிறந்த அடுத்த தலைமுறையில் அது கூடுகிறது. அதற்கும் அடுத்த தலைமுறையில் உள்ளூர்ப் பிள்ளைகளோடு சமமாகிவிடுகிறது.

வியப்புக்குக் காரணம் இருந்தது. வந்த குடும்பங்களில் வறுமை அதிகம், மொழி தெரியாது, குடியிருக்கும் தெருக்களும் நல்லவை அல்ல. வழக்கமான கணக்குப்படி அந்தப் பிள்ளைகள்தான் முதலில் வழி தவறியிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். இதற்குக் 'குடியேறியோர் முரண்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் கல்யாண மண்டபப் பேச்சு கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறது. "பார்த்தீர்களா, சொந்தப் பண்பாட்டோடு வருகிறவன் நல்லவன், அதை மறந்தவன் கெட்டவன்." ஆனால் அந்த ஆய்வு ஒப்பிட்டது வந்தவர்களையும் வந்த நாட்டில் இருந்தவர்களையும் மட்டுமே. ஊரிலேயே தங்கிவிட்ட பிள்ளைகளை அது கேட்கவில்லை. பண்பாடுதான் காரணமா என்று தெரிய வேண்டுமானால் அவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தவர்கள் உண்டு. ஜோஷுவா பிரெஸ்லாவ் தலைமையிலான குழு மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் ஒரே முறையில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளை அருகருகே வைத்து, இளம் வயதில் விதிகளை மீறும் நடத்தைக் கோளாற்றைப் பற்றி 2011இல் வெளியிட்ட முடிவு இது: மெக்சிகோவின் பொதுமக்களிடையே அந்தக் கோளாறு மிகக் குறைவு. யாராவது ஒருவர் அமெரிக்கா போயிருக்கும் மெக்சிகோ குடும்பங்களில் சற்று அதிகம். மெக்சிகோவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் அமெரிக்காவில் வளர்ந்தால் அதைவிட மிக அதிகம். அமெரிக்காவில் பிறந்த மெக்சிகோ வம்சாவளிப் பெற்றோரின் பிள்ளைகளிடம் எல்லாரையும்விட அதிகம்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, குடிபெயர்ந்து போகும் குடும்பங்கள் தங்கமான குடும்பங்களாகப் பொறுக்கி எடுக்கப்பட்டவை அல்ல. ஊரில் மற்றவர்களைவிட அந்தக் குடும்பங்களில்தான் சிக்கல் சற்றுக் கூடுதல். இரண்டாவது, தலைமுறை தோறும் கூடியது முக்கியமாக அடிதடி அல்ல. மட்டம் போடுவது, பொய் சொல்வது, வீட்டுக்குத் தெரியாமல் வெளியே தங்குவது போன்றவைதான். வன்முறையில் அந்த ஏற்றம் மிகவும் மெலிந்து காணப்பட்டது. வேறு மாதிரிச் சொன்னால், பிள்ளையின் குணம் மாறியதைவிட, பிள்ளையின் மேல் பெரியவர்கள் வைத்திருந்த கண் விலகியதுதான் அங்கே அதிகம் தெரிகிறது.

வயதும் இதில் சேர வேண்டும். லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் அவருடைய சகாவும் 2005இல் வெளியிட்ட ஒரு சோதனை எளிமையானது. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்தபின் எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்று பார்ப்பது. பக்கத்தில் நண்பர்கள் நின்று பார்த்தபோது 13 முதல் 16 வயதினர் எடுத்த துணிவு வெகுவாக ஏறியது. 24 வயதைக் கடந்தவர்களிடம் ஏறக்குறைய மாற்றமே இல்லை. எனவே பதின்வயதில் ஒரு பையன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பதைவிட, மாலை நேரத்தில் அவன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி.

சரி, கோலாலம்பூருக்கு வருவோம்.

இங்கே வந்திருக்கும் தமிழ்ப் பதின்வயதினர் யார்?

அமெரிக்க ஆய்வை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாததற்கு முதல் காரணம் சட்டம். மலேசியாவில் உணவகம், தோட்டம், தொழிற்சாலை, கட்டுமானம் போன்ற வேலைகளுக்கு வரும் வெளிநாட்டுத் தொழிலாளர் தற்காலிக வேலை அனுமதியில் வருகிறார். வயது 18 முதல் 45 வரை இருக்க வேண்டும். மனைவி மக்களை அழைத்துவர அனுமதி கிடையாது. மஸ்ஜிட் இந்தியாவில் துணி விரித்துக் காட்டுபவரும், செந்தூல் உணவகத்தில் தோசை வார்ப்பவரும், பிரிக்பீல்ட்ஸ் முடிதிருத்தகத்தில் நிற்பவரும் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். ஆகவே 'ஊரிலிருந்து வந்த தொழிலாளியின் பிள்ளை' என்ற ஒரு கூட்டம் கோலாலம்பூரில் சட்டப்படி இருக்கவே முடியாது. நாம் 'ஊர்ப் பையன்' என்று கைகாட்டுவது அந்த அனுமதியின் கீழ்வரம்பில், 18, 19 வயதில், தானே தொழிலாளியாக வந்த பையனைத்தான்.

அவனை ஒழுக்கசீலன் என்று பாராட்டுவதற்கு முன் அவனுடைய நாளைப் பார்க்க வேண்டும். உணவக வேலை என்றால் பன்னிரண்டு மணி நேரம் எளிதாகப் போகும். தூங்குவது முதலாளி தந்த அறையில், பத்துப் பேரோடு. ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் ஊரில் வட்டிக்கு ஓடிக்கொண்டிருக்கும். அனுமதி அந்த முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. அங்கிருந்து விலகினால் அவன் சட்டவிரோதமாகிவிடுவான். குடிநுழைவுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, செல்லத்தக்க அனுமதி இன்றி நாட்டுக்குள் நுழைபவருக்கும் தங்குபவருக்கும் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, ஆறு பிரம்படி வரை என்று சொல்கிறது. இப்படிப்பட்டவன் வேப் புகைத்துக்கொண்டு தெருமுனையில் நிற்பதில்லை என்றால் அது பண்பாட்டின் வெற்றி அல்ல. அவனிடம் மாலைப் பொழுது என்ற ஒன்றே இல்லை.

அவன் எடுக்கும் ஆபத்துகள் வேறு. சம்பளம் பிடிக்கப்பட்டதும் சொல்லாமல் வேறு கடைக்கு ஓடுவது ஒன்று. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் கிடைத்த 30 நாள் விசா விலக்கில் சுற்றுலாப் பயணியாக இறங்கி வேலையில் சேர்ந்துவிடுவது இன்னொன்று. "முதலில் போய் இறங்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்ப ஊரில் ஆள் இருக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் வெளிநாட்டவருக்கான மருத்துவமனைக் கட்டணத்துக்குப் பயந்து மாத்திரை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போவதும் உண்டு. எந்தப் பதின்வயது நடத்தைக் கணக்கெடுப்பிலும் இவை ஒரு கேள்வியாகக்கூட இடம்பெறுவதில்லை.

இரண்டாவது கூட்டம் கணினி, வங்கி, பொறியியல் வேலைகளுக்குக் குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகள். தனியார் பள்ளி, அனைத்துலகப் பள்ளி, காவலாளி நிற்கும் உயர்ந்த குடியிருப்பு. வாசலிலிருந்து பள்ளி வரை வேன். இவர்களில் பலருக்கு மலாய் மொழி வராது; பக்கத்துத் தெருவில் வாழும் மலேசியத் தமிழ்ப் பையனோடு ஒரு முறைகூடப் பேசியிருக்க மாட்டார்கள். அமெரிக்க ஆய்வின் முதல் தலைமுறைக்கு மிக அருகில் வருபவர்கள் இவர்கள்தான். அவர்களிடம் சிக்கல் தெரிந்தாலும் அது கதவுக்கு உள்ளேயே இருக்கும்: தூக்கமில்லாத இரவு, விளையாட்டுச் செயலி, மதிப்பெண் அச்சம்.

மூன்றாவது கூட்டம் சிறியது, ஆனால் மிகவும் கடினமான நிலையில் இருப்பது: இலங்கைத் தமிழ் அகதிகளின் பிள்ளைகள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை கையில் இருந்தாலும் அரசுப் பள்ளியில் சேர முடியாது. தொண்டு அமைப்புகளும் சமூகத்தினரும் நடத்தும் கற்றல் மையங்கள்தான் வழி. அவற்றில் மேல்வகுப்புகள் குறைவு. பதினான்கு, பதினைந்து வயதில் பையன் கார் கழுவும் கடைக்கோ பட்டறைக்கோ போய்விடுகிறான். உரிமம் எடுக்க முடியாது என்பதால் மோட்டார் சைக்கிளில் ஏறவே அம்மா விடமாட்டார்; சாலைச் சோதனையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் அடக்கமான பையன். அந்த அடக்கத்தின் பெயர் அச்சம்.

குடியேறியோர் முரணின் உள்ளே இப்படிப்பட்ட சரக்கு நிறைய இருக்கிறது என்பது என் எண்ணம். ஓய்வு நேரம் இல்லாமை, மொழி தெரியாததால் நண்பர்கள் இல்லாமை, பிடிபட்டால் குடும்பமே நாடு கடத்தப்படும் என்ற நடுக்கம் ஆகியவை பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருக்கின்றன. பண்பாடும் உதவுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக் கோவிலும் வீட்டில் காத்திருக்கும் பாட்டியும் பெரிய காவல்தான். ஆனால் அவை காவலாக இருப்பது அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பதால்.

கள்ளுக்கடையை யார் திறந்தார்கள்?

இப்போது நான்காம், ஐந்தாம் தலைமுறை மலேசியத் தமிழ்ப் பையனிடம் வருவோம். அவனைக் குறை சொல்லும் யாரும் அவனுடைய கொள்ளுத்தாத்தாவும் ஒரு காலத்தில் 'ஊரிலிருந்து வந்த பையன்' என்பதை நினைப்பதில்லை. 1910 வரை ஒப்பந்தக் கூலியாகவும், பிறகு 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும் வரை கங்காணி மூலமாகவும் வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அந்தப் பையன்களுக்காகத் தோட்டத்தில் கோவில் இருந்தது, தமிழ்ப்பள்ளி இருந்தது, கள்ளுக்கடையும் இருந்தது. மூன்றும் நிர்வாகத்தின் ஏற்பாடுகள்தாம். கள்ளுக்கடை உரிமம் பெற்று, சட்டப்படி, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பக்கத்திலேயே நடந்தது.

அதே ஆண்டுகளில் ஊரில் என்ன நடந்தது? 1937இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் சேலத்தில் கள் குடித்தால் குற்றவாளி; மலாயாவின் கெடாவில் ரப்பர் மரம் சீவிய தம்பி சம்பள நாளில் குடித்தால் நல்ல வாடிக்கையாளர். குடிப்பழக்கம் தமிழனின் இரத்தத்தில் ஊறியது என்று பேசும் மலேசியத் தமிழர்கள் (வருத்தத்தோடு சொல்கிறேன், நிறையப் பேர் இருக்கிறார்கள்) இந்த ஒப்பீட்டைச் சற்று யோசிக்கலாம்.

யோசித்த பையன்கள் அன்றே இருந்தார்கள். பினாங்குக்கு வடக்கே, கெடாவின் பீடோங் பகுதியில், ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் 1946–47இல் தொண்டர் படை என்ற அமைப்பு எழுந்தது. தோட்டத்து இளைஞர்கள் சீருடை அணிந்து, அணிவகுத்து, கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். 1947 தொடக்கத்தில் அது போலீசுடன் மோதலில் போய் முடிந்தது, கைதுகள் தொடர்ந்தன. சீருடை, படை, தலைவன் சொல், கூட்டத்தோடு நிற்கும் துணிவு என்று இளைஞர்களை இழுக்கும் எல்லாமே அங்கும் இருந்தன. ஸ்டைன்பெர்க்கின் சோதனை சொல்வதும் இதுதான். பக்கத்தில் நிற்கும் நண்பர்கள் எந்தத் திசையில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் துணிவின் பெயர் மாறுகிறது.

எதிர்த்திசைக்குப் பினாங்கிலேயே பழைய சான்று உண்டு. 1867 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுன் தெருக்களில் பத்து நாட்கள் நடந்த கலவரத்தில் மோதியவை சீனர்களின் இரண்டு இரகசியச் சங்கங்கள் மட்டும் அல்ல. ஒவ்வொன்றோடும் ஒரு கொடிச் சங்கம் கைகோத்திருந்தது, வெள்ளைக்கொடி ஒருபுறம், சிவப்புக்கொடி மறுபுறம். அவற்றில் மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம் வம்சாவளியினரும் இருந்தார்கள். புதிய துறைமுகத்தில் யாருமற்று இறங்கிய இளைஞனுக்குச் சங்கம்தான் உறவினர், ஈமச்சடங்கு நிதி, வேலைவாய்ப்பு அலுவலகம், அடியாள் படை எல்லாம்.

தோட்டம் கலைந்த கதையை இங்கே பலரும் அறிவார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 1980களிலிருந்து ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் வீட்டு மனைகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறின. குடும்பங்கள் நகரோரப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், அங்கிருந்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போயின. மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீடு ஏறக்குறைய 700 சதுர அடி. லயத்தில் வாழ்ந்தபோது எந்தப் பையன் பள்ளிக்குப் போகவில்லை என்பது பத்து வீட்டுக்குத் தெரியும்; ரப்பர் பால்வெட்டு முடிந்து அம்மா நண்பகலில் வீடு திரும்பிவிடுவார். பதினேழு மாடிக் கட்டடத்தில் அம்மா தொழிற்சாலையில் மாலை ஷிப்டு, அப்பா லாரியில் சிங்கப்பூர் வரை. மதியம் ஒன்றரை மணிக்குப் பள்ளி விட்டால் இரவு பத்து மணி வரை பையனுக்கு இருப்பது கீழ்த்தளப் படிக்கட்டு.

இதோடு சேரும் இன்னொன்றைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. மலேசியத் தமிழ்ப் பிள்ளை பதின்மூன்று வயதில் ஒரு முறை குடிபெயர்கிறது, வீட்டைவிட்டு நகராமலேயே. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எல்லாம் ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். ஏழாவது ஆண்டு மலாய்மொழி வழி இடைநிலைப்பள்ளி. பாட மொழி மாறுகிறது, ஆசிரியரின் முகம் மாறுகிறது, ஐம்பது பேர் படித்த பள்ளியிலிருந்து ஆயிரம் பேர் படிக்கும் பள்ளிக்கு வந்தாகிவிட்டது. மலாயில் தடுமாறுகிறவர்களுக்கு ஓர் ஆண்டு கூடுதலாகப் புகுமுக வகுப்பு. அதாவது நண்பர்கள் முன்னே போக இவன் பின்தங்குகிறான். அமெரிக்க ஆய்வுகள் விவரிக்கும் குடியேறிய பிள்ளையின் எல்லா அடையாளமும் அவனுக்குப் பொருந்தும், ஒன்றைத் தவிர: நாடு கடத்தப்படும் அச்சம் அவனுக்குக் கிடையாது. அவன் நீலநிற மைகார்டு என்ற அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமகன். குடியேறியவனின் சுமை எல்லாம் உண்டு, அவனை வீட்டுக்குள் வைத்திருக்கும் பயம் மட்டும் இல்லை.

படிவம் ஒன்றிலும் இரண்டிலும், அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளில், அவனைத் தேடி வருவது குண்டர் கும்பல். பெயர்கள் எண்களாக இருக்கும், பெரும்பாலும் பழைய சீனச் சங்கங்களின் வழிவந்த எண்கள். 2013இல் மலேசிய உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர் எண்ணிக்கை 40,313, அதில் இந்தியர் 28,926 என்று சொல்லப்பட்டது. மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடு இருக்கும் சமூகத்துக்கு இது அதிர்ச்சியான எண். இது போலீஸ் பதிவேட்டு எண் என்பதையும் மறக்கக் கூடாது. யாரைத் தெருவில் நிறுத்திச் சோதிக்கிறார்களோ அவர்களே பதிவேட்டில் அதிகம் ஏறுவார்கள். எப்படியிருந்தாலும், அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பையன்கள் பதின்மூன்றிலும் பதினான்கிலும்தான் சேர்ந்திருப்பார்கள். சேர்த்தவன் தமிழ் பேசினான், சோறு வாங்கிக் கொடுத்தான், பள்ளியில் அடித்தவனைத் திருப்பி அடித்தான். 1867இன் சங்கமும் வேறென்ன செய்தது?

ஊரில் இருக்கும் சமவயதுக்காரன் இதிலிருந்து தப்பிவிட்டானா? சென்னையில் கல்லூரி மாணவர்கள் பஸ் தடம் தடமாகப் பிரிந்து 'ரூட் தல' என்று தலைவன் வைத்து மோதிக்கொள்வதைச் செய்திகளில் பார்க்கிறோம். பட்டாக்கத்தி வரை போயிருக்கிறது. தென்மாவட்டப் பள்ளிகளில் இதைவிடக் கசப்பானது நடக்கிறது. சாதிக்கு ஒரு நிறக் கயிறு மணிக்கட்டில். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன்படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில் கயிறுகளுக்கும் சாதி அடையாளங்களுக்கும் தடை கேட்டது. மலேசியாவில் சட்டையில் எண், அங்கே கையில் கயிறு. சொந்த மண்ணின் பண்பாடு பையனைக் காக்கும் என்பவர்கள் எந்த மண்ணைச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

எது எங்கே குற்றம்

ஒப்பீடுகளில் இன்னொரு குழப்பம் சட்டத்தால் வருவது. மலேசியாவில் 16 வயதில் 250 சி.சி. வரையிலான மோட்டார் சைக்கிளுக்கு உரிமம் எடுக்கலாம். இந்தியாவில் 16 வயதில் கியர் இல்லாத சிறிய வண்டி மட்டும், மற்றவற்றுக்கு 18. காரைக்குடியில் 17 வயதுப் பையன் அப்பாவின் பைக்கை எடுத்தால் அது குற்றம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. கோலாலம்பூரில் அதே வயது, அதே வேகம், எந்தப் பிழையும் இல்லை. ஆனால் மலேசியாவில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். விதிமீறலை எண்ணினால் காரைக்குடிப் பையன் மோசமாகத் தெரிவான். உயிராபத்தை எண்ணினால் கதை வேறு.

வேப்பும் அப்படித்தான். இந்தியா மின்சிகரெட்டை 2019இல் முற்றாகத் தடை செய்தது. மலேசியா 2023 மார்ச் 31 அன்று திரவ நிக்கோட்டினை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதைத் தடுக்கும் புதிய புகைப்பொருள் சட்டம் 2024 அக்டோபர் 1 அன்றுதான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு பள்ளிச் சீருடையோடு போய் மாம்பழ வாசனையில் வாங்கலாம் என்ற நிலை. அதற்கு முன்பே போக்கு தெரிந்துவிட்டது. சுகாதார அமைச்சின் பதின்வயதினர் கணக்கெடுப்பில் 2017இல் 13.8 விழுக்காடாக இருந்த சிகரெட் பழக்கம் 2022இல் 6.2 ஆகக் குறைந்தது; வேப் 9.8இலிருந்து 14.9 ஆக ஏறியது. ஊரில் வேப் அரிதாக இருக்கலாம். ஆனால் குட்கா தடை 2013 முதல் இருக்கும் தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களின் உதட்டடியில் 'கூல் லிப்' என்ற புகையிலைப் பொட்டலம் இருப்பதைப் பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024இல் கவலை தெரிவிக்க வேண்டியிருந்தது. எது கடையில் எளிதாகக் கிடைக்கிறதோ அதைத்தான் பதினைந்து வயது எடுக்கிறது. 1947இன் கள்ளுக்கடையும் சொன்னது அதுதான்.

இப்போது ஊருக்கும் இங்கும் நடுவில் கடல் இருப்பதாகச் சொல்வதும் கடினம். 2020 முதல் இந்தியாவில் டிக்டாக் கிடையாது, மலேசியாவில் உண்டு. ஆனால் காஜாங்கில் எடுத்த பைக் சாகச வீடியோ இன்ஸ்டகிராமுக்கு மாறி அன்றிரவே தேவகோட்டைக்குப் போய்விடும். வேலைவாய்ப்பு மோசடிக்காரர்களுக்கு இந்தப் பாலம் நன்றாகத் தெரியும். கம்போடியாவிலும் மியன்மாரிலும் இணைய மோசடிக் கூடாரங்களுக்கு ஆள் பிடித்தவர்கள் 2022இல் மலேசிய இளைஞர்களுக்கும் தமிழ்நாட்டு இளைஞர்களுக்கும் காட்டியது ஒரே தூண்டில்: கணினி முன் உட்காரும் வேலை, டாலரில் சம்பளம், தாய்லாந்து டிக்கெட் இலவசம். அந்த அக்டோபரில் மியன்மாரின் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கியவர்களையும், அதே காலத்தில் கோலாலம்பூர் விமான நிலையத்தில் பெற்றோரைக் கட்டிக்கொண்டு அழுதவர்களையும் தொலைக்காட்சியில் பிரித்துச் சொல்ல முடியாது.

பெண் பிள்ளைகளைப் பற்றி இந்தக் கட்டுரையில் இதுவரை எதுவும் வரவில்லை. பொதுவாக இந்தப் பேச்சிலேயே அவர்கள் வருவதில்லை, அடித்துக்கொள்ளவும் வண்டியில் பறக்கவும் அவர்கள் தெருவில் இல்லை என்பதால். குடியேறிய குடும்பங்களில் கண்காணிப்பின் பெரும்பங்கு அவர்கள் தலையில்தான் விழுகிறது. அதன் விலை வேறு வரியில் தெரிகிறது: அதே 2022 கணக்கெடுப்பில் பதின்வயதினரில் நான்கில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன, பெண்களிடம் அது அதிகம்.

மிஞ்சியிருப்பது அப்பா இங்கே இருக்க ஊரில் வளரும் பிள்ளை. மெக்சிகோ ஆய்வில் 'யாராவது ஒருவர் போயிருக்கும் குடும்பம்' என்ற பிரிவு இருந்ததே, அதன் தமிழ் வடிவம் இவன். போதைப்பொருள் பழக்கம் பற்றி கில்யெர்மே போர்ஜெஸ் குழு 2007இல் வெளியிட்ட ஆய்விலும், திரும்பி வந்தவர்களிடம் மட்டும் அல்லாமல், ஊரை விட்டு நகராத அவர்களுடைய வீட்டாரிடமும் பழக்கம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. செந்தூல் உணவகத்தில் தோசை வார்ப்பவர் மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார். பிள்ளையைப் பார்க்க முடியாத குறைக்குக் கைப்பேசி வாங்கித் தருகிறார், பத்தாம் வகுப்பு முடித்ததும் பைக் வாங்கித் தருகிறார். கண்டிப்பு வாட்ஸ்அப் அழைப்பில் வருகிறது. அம்மா அதை நம்பி அடங்குகிறார், பையன் அழைப்பு முடியும் வரை அடங்குகிறான். குடும்பத்தை அழைத்துவரத் தடை செய்யும் மலேசிய வேலை அனுமதிக்கும், பரமக்குடிச் சாலையில் தலைக்கவசம் இல்லாமல் பறக்கும் ஒரு பதினாறு வயதுப் பையனுக்கும் தொடர்பு இருக்கிறது. இரண்டு நாட்டு அரசுகளும் அதைத் தங்கள் கணக்கில் எழுதுவதில்லை.

மலேசியக் கணக்கெடுப்புகள் இதற்கு உதவா. பதின்வயதினர் நலக் கணக்கெடுப்பின் வினாத்தாள் இடைநிலைப்பள்ளி வகுப்பறையில்தான் விநியோகிக்கப்படுகிறது. படிவம் மூன்றில் நின்றுவிட்டவன், கற்றல் மையத்தில் படிக்கும் அகதிப் பிள்ளை, அனைத்துலகப் பள்ளி மாணவி, 19 வயது உணவகத் தொழிலாளி, பரமக்குடிப் பையன் ஐவரும் அந்த அறையில் இல்லை. கல்யாண மண்டபத்தில் ஒப்பிடப்படுபவர்கள் இவர்கள்தான்.